ஒரு குதிரைக்கு ஒரு லட்சம்

அருப்புக்கோட்டையைத் தாண்டி பந்தல்குடி போகும் வழியில், நாற்கரச் சாலை ஓரத்து டீக்கடைகளில் இப்போது அரசியலுக்குச் சமமாக ஓடும் பேச்சு ஒன்று உண்டு. கார் பிக்-அப். வடை ஆறுவதற்குள் போனை நீட்டி, ‘இதப் பாரு’ என்று வீடியோவை ஓடவிடுவார்கள். பாலைவனத்து ஓடுதளத்தில் இரண்டு பெரிய கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி இறங்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டும் புள்ளியாகிவிடும்.

அந்த வண்டிகள் கரிசல் காட்டுப் பக்கம் தட்டுப்படுவது அபூர்வம். தட்டுப்பட்டாலும், ‘என்ன வண்டி?’ என்று கேட்பதற்குள் எட்டயபுரத்தை நோக்கிப் போயிருக்கும். ஆனால் போனில் தினமும் ஓடுகின்றன. அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: லம்போர்கினி உருஸ் பெர்ஃபார்மன்டே, ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎக்ஸ் 707. இரண்டும் எஸ்.யு.வி. ரகம். குடும்பத்தோடு ஏறி உட்காரலாம், பின்னால் பெட்டி வைக்கலாம். பந்தயக் காரை நிமிர்த்தி வைத்து, நான்கு கதவு போட்ட மாதிரி.

உருஸ் என்பது அழிந்துபோன காட்டு மாட்டின் பெயர். நம் வீட்டு மாடுகளின் மூதாதை வகை அது. லம்போர்கினிக்கு மாட்டின் மேல் எப்போதுமே ஒரு பிரியம், சின்னமே காளைதான். இன்னொன்றும் உண்டு. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஃபெருச்சியோ லம்போர்கினி முதலில் செய்தது டிராக்டர். கார் கம்பெனி தொடங்கியது 1963-ல். உழவுக்கு வண்டி செய்தவரின் பெயரில் இன்றைக்கு நான்கு கோடி ரூபாய் வண்டி ஓடுகிறது என்றால், திருச்சுழிப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். ஆஸ்டன் மார்ட்டின் 1913-ல் தொடங்கிய ஆங்கிலக் கம்பெனி. ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

இனி கணக்கு. உருஸ் பெர்ஃபார்மன்டே 666 குதிரைத்திறன். எடை 2,150 கிலோ. டிபிஎக்ஸ் 707 பெயரிலேயே சொல்வதுபோல 707 குதிரைத்திறன். எடை 2,245 கிலோ. இரண்டிலும் நான்கு லிட்டர் வி8 எஞ்சின், இரட்டை டர்போ, நான்கு சக்கர இயக்கம். இந்தியாவில் இரண்டும் 2022-ல் அறிமுகமாயின. அப்போது ஷோரூம் விலை உருஸுக்கு 4.22 கோடி, டிபிஎக்ஸுக்கு 4.63 கோடி. வித்தியாசம் 41 லட்சம் ரூபாய். குதிரைத்திறனிலும் வித்தியாசம் சரியாக 41. ஒரு குதிரைக்கு ஒரு லட்சம்! உண்மையான குதிரையே அந்த விலைக்குக் கிடைக்கும்.

அந்த 41 குதிரைகள் பிக்-அப்பில் என்ன வித்தியாசம் காட்டுகின்றன? நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட உருஸ் பெர்ஃபார்மன்டேவுக்கு 3.3 விநாடி. டிபிஎக்ஸ் 707-க்கும் 3.3 விநாடிதான். இரண்டுமே கம்பெனிகள் சொல்லும் கணக்கு.

ஆனால் டீக்கடையில் இது இத்தனை சுலபமாக முடியாது. லோடு வேன் ஓட்டும் மாமாவுக்கும் இன்ஜினீயரிங் படிக்கும் மருமகனுக்கும் நடக்கும் வாக்குவாதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மாமா, ஆஸ்டன் 3.1. உருஸ் 3.3. ஆஸ்டன்தான் பர்ஸ்ட்டு.”

“நேத்து நீதானடா ரெண்டும் 3.3-ன்னு சொன்ன?”

“அது வேற வீடியோ மாமா.”

“வீடியோவுக்கு வீடியோ வண்டி மாறுமா மாப்ள?”

மாமா கேட்டது சரியான கேள்வி. வண்டி மாறவில்லை, அளவு மாறியிருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கணக்கு மைலில். அவர்கள் அளப்பது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வரை. அது 100 கி.மீ. அல்ல, 96.6 கி.மீ.தான். அந்தக் கடைசி மூன்றரை கி.மீ. வேகம் ஏறுவதற்குள் 0.2 விநாடி ஓடிவிடுகிறது. ஆஸ்டனின் 3.1 என்பது 60 மைல் கணக்கு, 3.3 என்பது 100 கி.மீ. கணக்கு.

இதற்கு மேலும் ஒரு தந்திரம் உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகள் பல, வண்டி நகர்ந்த முதல் ஓர் அடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே உள்ள கால் மைல் பந்தயத் தடங்களில், சக்கரம் ஓர் அடி உருண்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், அந்தப் பழக்கம். ஓர் அடிதானே என்று தோன்றும். அதில் ஏறக்குறைய கால் விநாடி ஒளிந்திருக்கிறது. ஆக, ஒரே வண்டிக்கு மூன்று விதமான நேரம் சொல்லலாம், மூன்றும் பொய்யில்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கடிகாரம், எங்கே தொடங்கியது என்பதைத்தான். பத்து வீடியோவில் ஒன்றாவது இதைச் சொல்கிறதா என்றால் சந்தேகம்தான்.

சரி, 41 குதிரை கூடுதலாக இருந்தும் ஏன் நேரம் ஒன்றாகவே இருக்கிறது? ஆஸ்டன் 95 கிலோ கூடுதல் கனம் என்பது ஒரு பாதிப் பதில். மீதிப் பதில் எஞ்சினில் இல்லை, டயரில் இருக்கிறது.

3.3 விநாடியில் 100 கி.மீ. என்பது எத்தனை உக்கிரம் என்று புரிந்துகொள்ளக் கிணற்றங்கரைக்குப் போகலாம். கயிறு அறுந்து வாளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு 40 மீட்டர் ஆழம் இருந்தால், அந்த வாளி 100 கி.மீ. வேகத்தைத் தொட 2.8 விநாடி ஆகும். இரண்டு டன் எஸ்.யு.வி. தரையில் நீட்டமாக அதற்கு அரை விநாடிதான் பிந்துகிறது. வாளியை இழுப்பது பூமி. காரைத் தள்ளுவது நான்கு டயர்கள் தரையைப் பிடிக்கும் இடம்; ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எஞ்சினில் ஆயிரம் குதிரை இருந்தாலும் அந்த நான்கு உள்ளங்கைகள் பிடிக்கிற அளவுக்குத்தான் வண்டி முன்னே போகும். அதற்கு மேல் கொடுத்தால் சக்கரம் அதே இடத்தில் சுழலும்.

வண்டி 20 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது டயர் தாங்கக்கூடியது ஏறத்தாழ 150, 160 குதிரைத்திறன்தான். மீதி 500 குதிரைகள் லாயத்திலேயே நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும். வேகம் ஏற ஏறத்தான் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும். காற்றின் எதிர்ப்பைச் சேர்க்காமல் பார்த்தால், ஓட்டுநரோடு சேர்த்து இந்த எடையை 3.3 விநாடியில் 100-க்குக் கொண்டுபோகச் சராசரியாகச் செலவாவது 350 குதிரைத்திறன் அளவுதான். 666-க்கும் 707-க்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் 150, 200 கி.மீ. வேகத்துக்குப் போக வேண்டும். லட்ச ரூபாய்க் குதிரைகள் விழித்துக்கொள்வது அங்கேதான். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அந்த வேகத்தில் போக இடமும் இல்லை, அனுமதியும் இல்லை.

இப்போது அந்த நான்கு உள்ளங்கைகளைக் கரிசலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கரிசல் மண்ணின் குணம் அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். வெயிலில் வெடிக்கும்; கால் நுழையும் அளவுக்குப் பிளவு விடும். மழை பெய்தால் ஊதும். தண்ணீரைக் குடித்துப் பெருத்து, காய்ந்தால் சுருங்கும் களிமண் அதில் அதிகம். வீட்டுச் சுவரில் விரிசல் விழுவதும், சாலை அலை அலையாக மேடு பள்ளம் ஆவதும் அதனால்தான். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 38 நாற்கரச் சாலைதான், நல்ல சாலைதான். ஆனால் அடியில் இருப்பது மூச்சுவிடும் மண். அதிலிருந்து கிளை பிரியும் ஊர்ச் சாலைகளில் அந்த மூச்சு பளிச்சென்று தெரியும். உட்கார்ந்திருப்பவர் தலை காரின் கூரையைத் தொட்டு வரும்.

அதோடு ஐப்பசி, கார்த்திகையில் வயலில் இருந்து ஏறும் டிராக்டர் சக்கரம் கட்டி கட்டியாகக் கரிசலைத் தாரில் உதிர்த்துவிட்டுப் போகும். கோடையில் சாலை ஓரத்துத் தூசி பாதி ரோட்டை மூடும். டயரின் பிடி பாதியாகிவிட்டால் 100 கி.மீ. வேகத்தை 5.7 விநாடிக்குள் தொட எந்த வண்டியாலும் முடியாது. 666 ஆனாலும் 707 ஆனாலும் அதே கதைதான். அறுவடை நேரத்தில் இன்னொரு சோதனை. உளுந்துக் கொடியையும் குதிரைவாலிக் கதிரையும் தாரிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்துத் தரட்டும் என்று. குதிரைவாலியின் மேல் 707 குதிரை! வழுக்கலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சருகு அடியில் சுற்றிக்கொண்டால் சூடான சைலன்சர் பக்கம் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

இந்தப் பூமிக்கு இரண்டில் எது என்று யாராவது பிடிவாதமாகக் கேட்டால், பதில் ஆஸ்டன். காரணம் பிக்-அப் இல்லை. சாதாரண உருஸில் காற்றுப் பை சஸ்பென்ஷன் உண்டு. பெர்ஃபார்மன்டேயில் எடையைக் குறைக்க அதை எடுத்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். உயரத்தையும் 20 மில்லிமீட்டர் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பாதையில் 2022-ல் எஸ்.யு.வி. ரகத்தில் சாதனை படைத்த வண்டி அது. பத்தரை நிமிடத்தைச் சற்றே தாண்டிய நேரத்தில் 156 வளைவு ஏறியது. மலைக்கு அது சரி. நம் வேகத்தடைகள் வேறு ஜாதி. அளவில்லாமல், ஊர்க்காரர்கள் ஆத்திரத்தில் போட்ட மாதிரி நிற்கும் அந்த மேடுகளைத் தாண்ட, காற்றை ஏற்றி வண்டியைத் தூக்கிக்கொள்ளும் வசதி ஆஸ்டனில் இருக்கிறது. உருஸில் மண் பாதைக்கென்று ‘ராலி’ என ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அது மண்ணில் சறுக்கி விளையாட. மாமியாரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்குப் போக அல்ல.

திருச்சுழி என்றதும் ரமண மகரிஷி நினைவுக்கு வருவார். 1879-ல் அவர் பிறந்த ஊர் அது. அருப்புக்கோட்டையில் இருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ. பிக்-அப் என்பது உண்மையில் எதற்குப் பயன்படும் என்று கேட்டால், அதற்குப் பதில் நாற்கரச் சாலையில் இல்லை, இப்படிப்பட்ட ஊர்ச் சாலையில் இருக்கிறது. எதிரும் புதிருமாக வண்டி வரும் சாலை. முன்னால் ஒரு பேருந்து 50 கி.மீ. வேகத்தில் போகிறது. முந்த வேண்டும்.

பேருந்தின் நீளம், காரின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் பேருந்தைவிட 45 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டியிருக்கும். சாதாரண கார் 80 வரை வேகம் ஏற்றி முந்தினால் ஏழரை விநாடி எதிர்ப் பாதையில் இருக்கும். இந்தப் பெரிய கார்களில் ஒன்று அதே 80-ஐத் தாண்டாமல் முந்தினால் ஆறு விநாடி. எதிரே வரும் வண்டி 60-ல் வருகிறது என்றால், சாதாரண காருக்கு முன்னால் காலியாக இருக்க வேண்டிய சாலை 275 மீட்டர். இவற்றுக்கு 230 மீட்டர். அந்த 45 மீட்டரில் ஒரு குடும்பம் உயிர் பிழைக்கலாம். பிக்-அப் வெறும் பகட்டு என்று ஒதுக்க முடியாமல் போவது இதனால்தான். பழைய டீசல் காரில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு, லாரிக்குப் பக்கத்தில் நகராமல் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் இதே கணக்கில் உருஸுக்கும் ஆஸ்டனுக்கும் வித்தியாசம் பார்த்தால் ஓரிரு மீட்டர்கூடத் தேறாது. 12 விநாடி காரில் இருந்து 8 விநாடி காருக்கு மாறினால் கிடைக்கும் லாபம் பெரிது. மூன்றரையில் இருந்து 3.3-க்கு வருவதில் கிடைப்பது டீக்கடைப் பெருமை மட்டும்.

நேரம் மிச்சமாகுமே என்பார்கள். ஒரு வேகத்தடையில் நின்று, மறுபடி 60-ஐத் தொட சாதாரண காருக்கு ஐந்து விநாடி. இவற்றுக்கு ஒன்றரை, ஒன்றேமுக்கால். போய்ச் சேரும் நேரத்தில் இதனால் மிச்சமாவது ஒரு நிறுத்தத்துக்கு 1.7 விநாடி. திருச்சுழி போவதற்குள் பத்து இடத்தில் நின்று கிளம்பினால் 17 விநாடி. செருப்பைக் கழற்றி வைக்க ஆகும் நேரம்.

இதுவரை பேசியது காருக்குள் இருப்பவர்களைப் பற்றி. வெளியே இருப்பவர்கள் கதை வேறு.

நாற்கரச் சாலை வந்த பிறகு அதன் இரு பக்கமும் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் காடு. காடு என்றால் அங்கே வயல்தான். பருத்திக்கும் மிளகாய்க்கும் களையெடுக்கப் போகிறவர்கள் சாலையைக் கடந்தாக வேண்டும். அவர்கள் கையில் ஸ்பீடு காட்டும் கருவி இல்லை. கண் கணக்குதான். பேருந்து அங்கே தெரிகிறது, கடந்துவிடலாம். லாரி இந்த மரத்தைத் தாண்டிவிட்டது, நிற்கலாம். வருடக்கணக்காகப் பேருந்தையும் லாரியையும் டிராக்டரையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கணக்கு. பெரும்பாலும் தப்பாத கணக்கு.

நூறு மீட்டர் தள்ளி டீக்கடை வாசலில் ஒரு கார் நிற்கிறது. நிற்கிற கார்தானே என்று புல்லுக்கட்டோடு ஒரு பாட்டி சாலையில் காலை வைக்கிறார். ஒரு பக்கத்து ஓடுதளம் ஏழு மீட்டர் அகலம். அவர் நடையில் அதைக் கடக்க ஆறு விநாடி. அதே நொடியில் கார் கிளம்புகிறது. சாதாரண காராக இருந்தால், முழுதாக அழுத்தினாலும் ஆறு விநாடியில் 50 மீட்டர் வந்திருக்கும். பாட்டி நடுத்திட்டுக்குப் போயிருப்பார். 3.3 விநாடி காராக இருந்தால், அதே ஆறு விநாடியில் 120 மீட்டர். பாட்டி இருந்த இடத்தையும் தாண்டி 20 மீட்டர்.

பாட்டியின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. நின்றிருந்த ஒரு பொருள் அத்தனை சீக்கிரம் வந்து சேரும் என்பது அவர் ஆயுளில் பார்த்த எதிலும் இல்லாத விஷயம். டி.வி.எஸ். ஃபிப்டியில் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு நடுத்திட்டு இடைவெளியில் திரும்புகிறவருக்கும் இதே நிலைதான். சாலை ஓரமெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு. புதருக்குப் பின்னாலிருந்து சைக்கிள் வெளியே வருவது, வந்த பிறகுதான் தெரியும்.

பந்தல்குடி தாண்டி மேலக்கரந்தைப் பக்கம் போனால் ஆடுகளின் ராஜ்ஜியம். வேம்பூர் ஆடு என்று பெயர்பெற்ற இனம் அந்த வட்டாரத்துச் சொத்து. வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு, நீண்ட கால்கள். பொட்டு ஆடு என்பார்கள். தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலத்தைச் சாலை இரண்டாக வகுந்துபோட்டது. கிடை மாற்ற மந்தை கடந்துதான் ஆக வேண்டும். மந்தை கடக்கும்போது பிரச்சினை குறைவு. இருநூறு ஆடு ரோட்டை அடைத்து நின்றால் எந்தக் காரும் நிற்கும். ஆபத்து, மந்தை போன பிறகு வரும் ஒற்றை ஆட்டினால். குட்டியைக் காணோம் என்று திரும்பி ஓடும் தாய் ஆடு. வழி விட்டாகிவிட்டது என்று நினைத்து ஆக்சிலேட்டரில் கால் வைக்கிற நேரம் அதுதான். மேய்க்கிறவர் அதைப் பிடிக்கக் கம்போடு பின்னாலேயே ஓடிவருவார்.

பிரேக்கும் அத்தனை பலமாக இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உருஸ் பெர்ஃபார்மன்டே 100 கி.மீ. வேகத்தில் இருந்து 32.9 மீட்டரில் நிற்கும் என்கிறது கம்பெனி. அசாத்தியமான பிரேக். சாதாரண காருக்கு 45 மீட்டர் அளவில் வேண்டும். ஆனால் ஆட்டைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியில் வண்டி 42 மீட்டர் ஓடிவிடும். நான்கு கோடி கொடுத்தாலும் அந்த 42 மீட்டர் குறையாது. ஆக மொத்தம் உருஸுக்கு 75 மீட்டர், சாதாரண காருக்கு 87 மீட்டர். 12 மீட்டர் லாபம், நல்ல லாபம். ஆனால் பிக்-அப் இருக்கும் வண்டி 100-ல் நிற்பதில்லை. 130-க்கு ஏறிவிட்டால் அதே உருஸ் நிற்க 110 மீட்டர் வேண்டும். அதாவது 100-ல் வரும் சாதாரண காரைவிட மோசம். 100-ல் இருந்து 130-க்குப் போக இந்த வண்டிகளுக்கு ஒரு கொட்டாவி நேரம் போதும், போனதே தெரியாது.

இந்த வாதம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கான உச்ச வேகத்தை உயர்த்தி அறிவித்தது: விரைவுச் சாலையில் 120, நான்குவழிச் சாலையில் 100. எஞ்சின்கள் மேம்பட்டுவிட்டன, சாலைகளும் மேம்பட்டுவிட்டன என்பது சொல்லப்பட்ட காரணம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. எஞ்சினும் சாலையும் மேம்பட்டிருக்கலாம், விதியைப் பின்பற்றுகிற பழக்கம் மேம்படவில்லையே என்று நீதிபதிகள் கேட்டார்கள். அடுத்த ஆண்டின் கணக்கு அவர்கள் பக்கம்தான் பேசியது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு மரணங்கள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

நான்கு கோடி வண்டிக்கு இத்தனை பேச்சா, ஊரில் யாரிடம் இருக்கிறது என்று தோன்றலாம். இருக்க வேண்டியதில்லை. பிக்-அப் மலிவாகிக்கொண்டே வருகிறது. எலெக்ட்ரிக் மோட்டாருக்கு கியர் மாற்றும் தாமதமோ டர்போ விழித்துக்கொள்ளும் தாமதமோ இல்லை. மிதித்த நொடியே முழு பலம். 2025-ல் வந்த டாடா ஹாரியர் எலெக்ட்ரிக்கில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி, நின்ற இடத்திலிருந்து 6.3 விநாடியில் 100-ஐத் தொடும் என்கிறார்கள். விலை 30 லட்சத்தை ஒட்டி. செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான எலெக்ட்ரிக் எஸ்.யு.வி.களும் ஏழு விநாடிக்குள் தொடுகின்றன. பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்பு இந்த நேரம் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் உரியது. இனி அது அருப்புக்கோட்டை மில் முதலாளி வீட்டிலும், நெசவுக் கடைக்காரர் வீட்டிலும், கொஞ்ச நாளில் வாடகைக் காரிலும் இருக்கும். அதுவும் சத்தமே இல்லாமல். உருஸ் வந்தால் பந்தல்குடியில் உறுமுவது பக்கத்து ஊருக்குக் கேட்கும். பாட்டி திரும்பியாவது பார்ப்பார். எலெக்ட்ரிக் வண்டி வருவது ஆட்டுக்குக்கூடத் தெரியாது.

அப்படி வண்டி வாங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஓட்டும் முறையை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. ‘ஸ்போர்ட்’ என்றால் கால் பட்டதும் பாயும். ‘நார்மல்’, ‘ஈக்கோ’ என்றால் மிதிக்கு ஏற்ப மெல்ல ஏறும். ஊர்ச் சாலையில் இறங்கும்போது மெல்ல ஏறும் முறைக்கு மாற்றிவிட்டால், காரின் வேகம் பாட்டியின் கண் கணக்குக்குள் வந்துவிடும். முந்த வேண்டிய அவசரம் வந்தால் முழுதாக மிதித்தால் போதும், எந்த முறையிலும் கணிசமான பலம் கிடைக்கும்.

3.3 விநாடியை முழுதாக அனுபவித்துப் பார்த்தே தீர வேண்டும் என்கிற ஆசை உள்ளவர்களுக்கும் இடம் இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஓடும் பந்தயத் தடம், கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே. இரண்டிலும் பந்தயம் இல்லாத நாட்களில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நிகழ்ச்சிகள் நடப்பது உண்டு. ஹெல்மெட் கட்டாயம். தரை சமதளம், தூசி கிடையாது, ஆடு கிடையாது. இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்து, எஞ்சின் உறுமி நிற்கும்போது இடது காலை எடுத்தால் போதும். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கழுத்து சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பின் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் முதலில் இறக்கிவிடுவது நல்லது. காலையில் சாப்பிட்ட பணியாரம் வெளியே வர 3.3 விநாடிகூட ஆகாது.